வெயிலுக்கு அஞ்சாத அண்ணாச்சி

பங்குனி பிறந்து, ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கே நிற்கும் மலை பசுமை இழந்து பழுப்பேறும் பருவத்தில், குடை, தலைத்துண்டு, தண்ணீர்ச் செம்பு ஆகிய சகலத்தையும் கோழைகளின் ஆயுதங்கள் என்று ஒதுக்கிவிட்டு, உச்சிப் பொழுதில் வெறுந்தலையோடு பஞ்சு மார்க்கெட் பக்கம் பவனி வரும் ஒரு பிரகிருதியைத் தாங்கள் அவசியம் சந்தித்திருப்பீர்கள். அவர்தாம் வெயிலுக்கு அஞ்சாத அண்ணாச்சி. “என்ன தம்பி, இதெல்லாம் ஒரு வெயிலா?” என்பதே அவருடைய குசல விசாரணை, பதிலை எதிர்பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

அவர் வீட்டில் ஒரு ராஜபாளையம் நாய் உண்டு. வேட்டைக்கும் காவலுக்கும் கீர்த்தி பெற்ற ஜாதி. அப்பேர்ப்பட்ட சூரன், அக்கினி நட்சத்திரத்து நாள்களில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை தண்ணீர்த் தொட்டியோரத்து ஈரமண்ணில் வயிற்றைப் பதித்துக்கொண்டு, எஜமானர் எத்தனை முறை அழைத்தாலும் ஒரு காதை மட்டும் அசைத்து மறுத்துவிடுவது, அண்ணாச்சிக்குத் தீராத மனக்குறை.

தாகம் எடுத்த பிறகே நீர் அருந்த வேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம். தலை சுற்றினால் பித்தம். குமட்டினால் நேற்றுத் தின்ற புரோட்டா. வெயில்மீது மட்டும் பழி விழ அவர் சம்மதியார். பால் சுண்டினால் பால்கோவாவாகும், மனிதன் சுண்டினால் என்ன ஆவான் என்பதை ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களிடமாவது அவர் கேட்டிருக்கலாம். உடலின் உஷ்ணம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் பேச்சுக் குழறினால், அது பித்தமன்று, பிராணாபத்து. நிழலில் கிடத்தி, உடம்பை நனைத்து விசிறி, 108-ஐ அழைக்க வேண்டிய தருணம்.

ஓர் அமாவாசையன்று சதுரகிரிக்குப் புறப்பட்ட அண்ணாச்சியின் மடியிலிருந்த தீப்பெட்டியைத் தாணிப்பாறை அடிவாரத்தில் வனக்காவலர் கைப்பற்றினார். “சாமிக்குச் சூடம் ஏத்த வேண்டாமா?” என்று அண்ணாச்சி கர்ஜித்தார், பக்கத்தில் எட்டிப் பார்த்த பீடிக்கட்டு மௌனம் சாதித்தது. “நீங்க ஏத்திருவீங்க அண்ணாச்சி, அணைக்கிறது யாரு?” என்றார் காவலர்.

விளக்கு மலையேறினால் அணைந்தது என்று பொருள். தீ மலையேறினாலோ பொருள் நேர்மாறு. சரிவில் மேல்நோக்கிப் பாயும் அனல், தனக்கு முன்னாலுள்ள புல்லையும் சருகையும் முன்கூட்டியே உலர்த்தி வைத்துக்கொண்டு, மனிதன் ஓடும் வேகத்தை வென்றுவிடும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் மூண்ட தீ, மலையேறச் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அங்கே வேடிக்கைக்கு இடமில்லை.

அண்ணாச்சி தீப்பெட்டியைக் கொடுத்துவிட்டுத்தான் மலையேறினார். இறங்கியதும் திருப்பிக் கேட்க மறக்கவுமில்லை. என்னைக் கேட்டால், அந்த வீட்டில் வெயிலின் சாஸ்திரத்தைக் கற்றுத் தேர்ந்த பெரியவர், தொட்டியோரத்தில் படுத்திருக்கும் அந்த நாய்தான்.