மேலிடத்துக்கு ஒரு பின்னூட்டம்

மாட்சிமை பொருந்திய மேலிடம் அவர்களின் சமூகத்துக்கு,

சிறுமலை அடிவாரத்தில், காந்திகிராமத்தை ஒட்டிய ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்திப் பிழைக்கும் ஆசிரியை பணிவோடு எழுதிக்கொள்வது.

போன சனிக்கிழமை தாங்கள் அருளிய பணியிடைப் பயிற்சியின் பின்தேர்வு முடிவு, அன்று இரவே எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்தது. பெயர்களுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் பூசியிருந்தீர்கள். என் பெயர் சிவப்பு. மேலே தலைப்பு: ‘மேம்பாடு தேவைப்படும் ஆசிரியர்கள்’. என்னிடம் படித்து இன்று எனக்கே சக ஆசிரியராக வந்திருக்கும் பையன் அதே குழுவில் இருக்கிறான். பாவம், பார்க்காதது மாதிரியே இருந்துவிட்டான்.

எதில் கோட்டைவிட்டேன் என்று தேடினேன். ‘ஆதாரக் கல்வித் திட்டத்தைக் காந்தியடிகள் முன்வைத்த ஆண்டு எது?’ என்ற கேள்விக்கு 1937 என்று தொட்டிருக்கிறேன். தங்கள் விடைக்குறிப்பில் 1947. அந்த ஒரு மதிப்பெண்தான் என்னை மஞ்சளிலிருந்து சிவப்புக்கு இறக்கியது.

1937 அக்டோபரில் வார்தாவில் கல்வி மாநாடு கூடியது. காந்தியடிகளே தலைமை; ஆதாரக் கல்வித் திட்டத்தை முன்வைத்ததும் அங்கேதான். ஜாகிர் உசேன் தலைமையில் அங்கே ஒரு குழு போட்டார்கள். நம் ஜே.சி. குமரப்பா அதில் உறுப்பினர். ஒருங்கிணைப்பாளர் ஆரியநாயகம், இலங்கைத் தமிழர். 1947இல் தொடங்கியது காந்திகிராமம். தொடங்கியவர்கள் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும். பயிற்சி நடந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊரின் பிறந்த வருஷத்தைத் தூக்கி ஆதாரக் கல்விக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

மிகச் சிறப்பு.

இந்தச் சொல்லை நான் சொந்தமாக எடுக்கவில்லை. தாங்கள் அனுப்பிய பின்னூட்டப் படிவத்திலிருந்து எடுத்தேன். அதில் எந்தக் கேள்விக்கும் மூன்றே விடைகள்: மிகச் சிறப்பு, சிறப்பு, நன்று. நான்காவதாக ஒன்று மனித மனதில் தோன்றவே தோன்றாது என்ற தங்கள் நம்பிக்கையை மெச்சுகிறேன். அந்த வரம்பை மீறாமலே இந்தக் கடிதத்தை எழுதி முடிக்க உத்தேசம்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான பெஞ்சில், முழங்கால் மோவாயைத் தொட, ஐம்பதைக் கடந்த ஆசிரியர்களை உட்காரவைத்தீர்கள்: நன்று. ‘செய்து கற்றல்’ என்ற தலைப்பில் காலை முழுவதும் எங்களை எதுவுமே செய்யவிடாமல் ஸ்லைடு காட்டினீர்கள்: சிறப்பு. எரிமலை வீடியோ ஒன்று போட்டீர்கள். நெட்வொர்க் இல்லை. எரிமலை வெடிக்கவே இல்லை. திரையின் நடுவில் ஒரு வட்டம்தான் சுற்றிக்கொண்டே இருந்தது. ‘எரிமலை வெடிக்கும்போது என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியுமே’ என்று அடுத்த ஸ்லைடுக்குப் போனார் கருத்தாளர்: மிகச் சிறப்பு. பேனரோடு குரூப் போட்டோவும் எடுத்தாயிற்று. ஆகவே பயிற்சி நடந்தது.

கருத்தாளர் மேல் வருத்தமில்லை. அவரும் எங்களைப் போல ஒரு டீச்சர்தான். முந்தின வாரம் யாரோ அவருக்குக் காட்டிய ஸ்லைடை எங்களுக்குக் காட்டினார். அவருக்குக் காட்டியவருக்கு வேறொருவர் காட்டியிருப்பார். மேலிருந்து படிப்படியாக இறங்கி எங்களிடம் வரும்போது தலைப்பும் டீயும் மட்டும் மிஞ்சுகின்றன. டீ நன்று.

மதியம் ஒரு அசம்பாவிதம் நடந்தது. என் பக்கத்தில் இருந்த அறிவியல் டீச்சர் கேள்வி கேட்டுவிட்டார். அவர் படித்தது விலங்கியல். ஆனால் பத்தாம் வகுப்பில் ஓம் விதியும் அவர்தான், மோல் கருத்தும் அவர்தான், மரபியலும் அவர்தான். ‘சார், ஒரு பல்பு எரியும் சுற்றில் தொடராக இன்னொன்றைச் சேர்த்தால் இரண்டும் மங்குகிறது. முதல் பல்பு கரண்டைத் தின்றுவிட்டு மிச்சத்தை அடுத்ததுக்கு அனுப்புவதாகப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். இல்லை என்று சொன்னால் தலையாட்டுகிறார்கள், நம்பவில்லை. எப்படிக் காட்டினால் நம்புவார்கள்?’ என்றார்.

அந்தக் கூடத்தில் அன்று பேசப்பட்ட ஒரே கல்விச் செய்தி இதுதான். ‘நேரமில்லை டீச்சர், ஃபார்மில் போட்டுடுங்க’ என்று பதில் வந்தது. ஃபார்மைத் திறந்தார். மிகச் சிறப்பு, சிறப்பு, நன்று. ஓம் விதிக்கு எதைத் தொடுவது?

என் கதையும் அதே. நான் வரலாறு படித்தவள். பருவக்காற்று, வெளியுறவுக் கொள்கை, ஜிஎஸ்டி எல்லாம் என் தலையில். ஜிஎஸ்டிக்கு 5, 12, 18, 28 சதவீதம் என்று நான்கு அடுக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். 2025 செப்டம்பர் 22இல் 12ம் 28ம் ஏறக்குறையப் போய்விட்டன. 5ம் 18ம் பெரும்பாலும் நின்றன. சிலவற்றுக்கு 40 வந்தது. ஏன் மாறியது, எதற்கு மாறியது என்று மளிகைக்கடைக்காரர் மகன் கேட்கிறான். தங்கள் பயிற்சியில் இது வரவில்லை. ‘இருபத்தோராம் நூற்றாண்டுத் திறன்கள்’ வந்தது.

பெயர் வைப்பதில் தங்களை மிஞ்ச ஆளில்லை. செயல்வழிக் கற்றல் 2007இல் மாநிலம் முழுக்க வந்தது. அப்புறம் முப்பருவ முறை. 2018இல் புதிய பாடநூல், அதில் க்யூஆர் கோடு. 2019இல் டெல்லியிலிருந்து நிஷ்டா என்ற ஆசிரியர் பயிற்சி. 2022இல் எண்ணும் எழுத்தும், வானவில் மன்றம். இவற்றில் நல்லவையும் உண்டு. வானவில் மன்றத்து அறிவியல் கருவிகளைத் தொட்ட பிள்ளையின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் எது வந்தபோதும், உனக்கு எந்தப் பாடம் நடத்தச் சிரமம் என்று யாரும் எங்களைக் கேட்டதில்லை. ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்கிறது 2020 தேசியக் கல்விக் கொள்கை. டெல்லிக்கும் சென்னைக்கும் அந்தக் கொள்கையில் ஆயிரம் சண்டை. எங்களைக் கேட்காமல் பயிற்சி கொடுப்பதில் மட்டும் இருவருக்கும் அபார ஒற்றுமை.

கேட்கவே மாட்டீர்களா? எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு, இலவச சைக்கிள் கணக்கு, தேர்தல் வேலை எல்லாவற்றையும் இதே கையால்தான் செய்கிறோம். அதற்கெல்லாம் நாங்கள் பெரியவர்கள். பாடம் என்று வந்தால் மட்டும் சிறுபிள்ளையாகிவிடுகிறோம். பெயருக்குச் சிவப்பு அடித்து ஊருக்குக் காட்டுவீர்கள். ஒரு மாணவனின் மதிப்பெண்ணை நாங்கள் இப்படிக் குழுவில் போட்டால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பமாட்டீர்களா? தப்பான விடைக்குறிப்பை எழுதியவர் பெயருக்கு என்ன வண்ணம்?

மன்னிக்கவும். படிவத்தில் இடமில்லாத விடை வாய்தவறி வந்துவிட்டது. நன்று என்று திருத்திக்கொள்கிறேன்.

காந்திகிராமத்து ராமச்சந்திரனிடம் மத்திய அரசு ஒரு முறை ஒரு பொறுப்பை ஒப்படைத்தது. ஆதாரக் கல்வி நாட்டில் எப்படி நடக்கிறது என்று பார்த்து அறிக்கை தரச் சொல்லி அமைத்த மதிப்பீட்டுக் குழுவுக்கு அவர்தான் தலைவர். 1956இல் அறிக்கை வந்தது. நல்லவேளை, அந்தக் குழுவிடம் தங்கள் படிவம் இல்லை.

கைத்தொழிலை நடுவில் வைத்து, அதைச் சுற்றி மற்றப் பாடங்களைச் சொல்லிக்கொடு என்பதுதான் வார்தாவின் சாரம். இங்கே அதற்கு என்ன குறை? சின்னாளபட்டியில் சுங்குடிக்கு முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் வீட்டிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். முடிச்சுக்குள் சாயம் ஏன் ஏறவில்லை என்பது அறிவியல். அந்தச் சேலையின் விலையில் யாருக்கு எவ்வளவு என்பது பொருளியல். திண்டுக்கல் தோல் பதனிடும் ஆலைகளைச் சுற்றிய கிணறுகளில் குரோமியம் எப்படி வந்தது என்பதில் அறிவியலும் குடிமையியலும் ஒன்றாகவே வரும். இவற்றைப் பாடமாக்குவது எப்படி என்று எங்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தால், முழங்கால் வலித்தாலும் உட்காருவோம்.

நடக்காத காரியம் என்று சொல்லிவிடாதீர்கள். மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கி, 1978இல் மாவட்டம் முழுக்கப் பரவியது. அங்கே ஆசிரியர்கள் பயிற்சியில் சோதனைகளைத் தங்கள் கையாலேயே செய்தார்கள். மாதாமாதம் கூடி வகுப்பில் எங்கே இடித்தது என்று பேசினார்கள். அவர்கள் சொன்னதை வைத்துப் பாடநூலையே திருத்தினார்கள். பிள்ளைகள் சவாலிராம் என்ற கற்பனை மனிதருக்குக் கேள்வி எழுதிப் போட்டார்கள், பதிலும் வந்தது. முப்பது ஆண்டு நடந்த அந்தத் திட்டத்தை 2002இல் அந்த மாநில அரசே இழுத்து மூடியது. மேலிடம் எங்கும் மேலிடம்தான்: சிறப்பு.

ஆகவே தாழ்மையான விண்ணப்பம். விடைக்குறிப்பைத் திருத்துங்கள். வண்ணப் பட்டியலை நிறுத்துங்கள். மாதம் ஒருமுறை ஒன்றியத்து அறிவியல் ஆசிரியர்களைத் தனியாகவும் சமூக அறிவியல் ஆசிரியர்களைத் தனியாகவும் ஓர் இடத்தில் கூடவிடுங்கள். அடுத்த பயிற்சிக்குத் தலைப்பை நாங்களே எழுதி அனுப்புகிறோம்: முதலாவது தொடர்ச் சுற்று, இரண்டாவது ஜிஎஸ்டி. புரொஜெக்டர் வேண்டாம், இரண்டு பல்பு, ஒரு பேட்டரி, கொஞ்சம் வயர் போதும். கூடவே பாடம் தெரிந்த ஒருவரை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் பட்டியலில் சிவப்பாயிருக்கும் சமூக அறிவியல் ஆசிரியை