கோழி மேய்த்த கோறணமேந்துகள்

வேலையை மலிவான ஊருக்குத் தள்ளிவிடும் வித்தை பெங்களூரில் பிறந்தது என்று நம்புகிறவர்கள் ஒருமுறை யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைக்கு வந்து போகவேணும். 1823இல் அமெரிக்க மிசனரிமார் அங்கே செமினரி தொடங்கினார்கள். அவர்கள் ஆன்மாவைத் தர வந்தார்கள். நம்மவர்கள் ஆங்கிலத்தை வாங்கிக்கொண்டார்கள். படித்தவன் ஊழியத்துக்கு வராமல் உத்தியோகத்துக்குப் போகிறானே என்று மிசன் திகைத்து, 1855இல் செமினரியைப் பூட்டியது.

பூட்டி என்ன பயன்? சென்னைப் பல்கலைக்கழகம் முதன்முதலில் பட்டம் கொடுத்தபோது வாங்கிய இருவரும், தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும், நம்மூர்க்காரர்.

1885இல் மலாயாவில் தைப்பிங்கிலிருந்து ரயில் ஓடத் தொடங்கியது. கணக்கெழுத இங்கிலாந்திலிருந்து ஆள் கொண்டுவந்தால் துரைக்குக் கட்டாது. யாழ்ப்பாணத்தான் அதே ஆங்கிலத்தைக் குறைந்த சம்பளத்துக்கு எழுதுவான். அப்போது இணையம் இல்லை. ஆகவே வேலையை அனுப்பாமல் ஆளையே கப்பலேற்றினார்கள். திரும்பி வந்தது மணியோடர். அதில் கல்வீடு எழும்பியது, சீதனம் ஏறியது, 'மலாயா பென்சனியர்' என்றொரு புதுச்சாதி வேப்பமர நிழலில் சாய்மனைக் கதிரை போட்டு அமர்ந்தது.

மலாயாவும் சும்மா இருக்கவில்லை. மலாய்ப் பிரபுக்களின் பிள்ளைகளை உத்தியோகத்துக்குப் பழக்க 1905இல் கோலகங்சாரில் கல்லூரி திறந்தார்கள். முப்பதுகளின் பொருளாதார மந்தத்தில் ஆட்குறைப்பும் வந்தது.

சரி, ஊரோடு இருப்போம் என்றால் 1956இல் கொழும்பு சொன்னது: கிளாக்கர் ஐயா, இனிச் சிங்களம். மூன்று தலைமுறையாக ஆங்கிலத்தை உருப்போட்டவர் பென்சன் வயதில் அரிச்சுவடியைத் தூக்கினார். 1971இல் தரப்படுத்தல்: பேராதனையில் பொறியியல் படிக்கச் சிங்களத்தில் எழுதியவருக்கு 227 புள்ளி போதும், தமிழில் எழுதியவருக்கு 250 வேணும். ஓட்டப்பந்தயத்தில் ஒருவனுக்கு மட்டும் கோட்டைத் தள்ளிக் கீறுவதற்கும் ஓர் அழகான பெயர் கிடைத்தது.

பிறகு போர். அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

இன்று யாழ்ப்பாணத்தில் மேசை போட்டு, வெளிநாட்டுக் கொம்பனிக்கு மென்பொருள் எழுதுகிறார்கள். கப்பல் தேவையில்லை. கோழி வீட்டிலேயே நிற்கிறது, முட்டை மட்டும் கம்பிவழி போகிறது. இருநூறு வருடத்தில் கிடைத்த முன்னேற்றம்.

ஆனால் 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ் கச்சேரி முன்னால் குந்தியிருந்து கேட்டது மென்பொருள் வேலையல்ல, அரச வேலை, அதாவது கோறணமேந்து வேலை. ஆட்சிகள் எத்தனையோ கொள்கை மாற்றிவிட்டன. எங்கள் அம்மாமாரின் கொள்கை ஒன்றேதான்: "கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்கோணும்."