மஃப்டிக்கு இங்கே என்ன வேலை?

1954இல் எஸ்.பாலசந்தர் ‘அந்த நாள்’ எடுத்தபோது, பாட்டும் சண்டையும் இல்லாமலே, சி.ஐ.டி. ஒருவர் ஆட்களை ஒவ்வொருவராக விசாரித்துக் கொலையைத் துலக்கினார். அதே காலத்து ஹாலிவுட் போலீஸ்காரனுக்குப் பாடு அதிகம். பெயரை மாற்றி, கள்ளக் கும்பலில் சேர்ந்து, உயிரைப் பணயம் வைத்தால்தான் தலைவன் சிக்குவான்.

அந்தக் கதையைச் செங்கல்பட்டில் எடுத்தால் முதல் ரீலிலேயே ‘வணக்கம்’ போட வேண்டியதுதான். சாராயம் எங்கே விற்கிறது என்று அறிய மாறுவேடம் எதற்கு? ஊரில் எந்தக் கிழவியைக் கேட்டாலும் சொல்வாள்.

2023 மே மாதம் மதுராந்தகம் பக்கம் பெருங்கரணையிலும், மாமல்லபுரத்துக்குத் தெற்கே மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் மெத்தனால் கலந்த சரக்கைக் குடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அடுத்த சில நாட்களிலேயே மாநிலம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாராய வியாபாரிகள் கைது! ஐயா, இத்தனை பேரின் விலாசமும் ராத்திரி கனவிலா வந்தது? பிணம் விழும்வரை அந்தப் பட்டியல் எந்த மேசை டிராயரில் தூங்கிக்கொண்டிருந்தது?

ஆள் பற்றாக்குறை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2019 அக்டோபரில் சீன அதிபர் மாமல்லபுரம் வந்தாரே, அப்போது அர்ச்சுனன் தபசுப் பக்கம் ஓர் ஆடு நுழைய முடிந்ததா?

வேவு பார்க்க ஆள் அனுப்பவில்லை என்றும் சொல்ல மாட்டேன். எக்கியார்குப்பத்து மீனவர்கள் போனார்கள். சரக்கில் விஷம் இருக்கிறது என்று குடித்தே நிரூபித்தார்கள். சம்பளம் கிடையாது, செத்தபின் குடும்பத்துக்குப் பத்து லட்சம். ஒரு எஸ்.பி.க்கு சஸ்பெண்ட், இன்னொருவருக்கு இடமாற்றம், வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்கு.

மதுவிலக்குக்குப் பொறுப்பான அமைச்சரிடம்தான் டாஸ்மாக்கும் இருக்கிறது. 2022-23இல் அரசுக்கு அதில் வந்தது 44 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். குவார்ட்டருக்குக் காசில்லாத கூலிக்காரன்தான் பாக்கெட் சாராயத்துக்குப் போகிறான். கல்லாவுக்கு உதவாத குடிகாரன்மேல் யாருக்கு அக்கறை?

பதின்மூன்று மாதம் கழித்து, 2024 ஜூனில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் இரண்டாம் பாகம். மறுபடி மெத்தனால். இந்த முறை அறுபதுக்கும் மேற்பட்ட பிணங்கள். அதே மாதம் ஆயுள் தண்டனை என்று சட்டத்தைத் திருத்தினார்கள். சாராயம் விற்ற இடமோ கோர்ட்டுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் கூப்பிடு தூரம். அங்கே மஃப்டியில் போக வேண்டிய சிரமம்கூட இல்லை. யூனிஃபார்மோடு உட்கார்ந்தபடி ஜன்னலைத் திறந்திருக்கலாம்.