மக்குவது, மக்காதது, மக்கு

எங்கள் வீட்டுக் குப்பை மூன்று வகைப்படும். மக்கும் குப்பை, மக்காத குப்பை, எந்த வாளியில் போடுவது என்று தெரியாமல் நான் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் குப்பை. மூன்றாவதைப் பார்த்தால் மட்டும் என் மனைவி "மக்கு" என்பாள். குப்பையைச் சொல்கிறாளா, பிடித்திருப்பவனையா என்று இன்றுவரை நான் விசாரித்ததில்லை.

இத்தனைக்கும் தெரு நலச் சங்கக் கூட்டத்தில் திடக்கழிவு மேலாண்மை விதிகள், 2016 பற்றி முக்கால் மணி நேரம் முழங்கியவன் நான். வீட்டிலேயே பிரித்துக் கொடுப்பது நம் கடமை என்று மேசையைத் தட்டினேன்; தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது. மறுநாள் காலை பேட்டரி வண்டி வந்தது. தூய்மைப் பணியாளர் அம்மா எங்கள் பச்சை வாளிக்குள் கையை விட்டு நாலு தாளைத் தூக்கிப் பிடித்தார். நேற்றைய என் உரை. ரசம் சொட்டிக்கொண்டிருந்தது.

"சார், காஞ்ச பேப்பருன்னா எடைக்குப் போடுவோம், வர்ற காச நாங்க பிரிச்சுக்குவோம். ரசத்துல ஊறுனா யாருக்கும் ஆகாது."

தெருவே கேட்டது. முந்தின நாள் என் உரையை இத்தனை பேர் கேட்கவில்லை.

அன்று முதல் பால் கவர் கழுவுவது என் இலாகா. தினம் இரண்டு. கழுவி, கொடியில் கிளிப் மாட்டிக் காயப்போடுவேன். ஒரு மாதத்தில் 60 சேர்ந்ததும் பேராசை பிடித்து, பழைய பேப்பர் கடைக்கு ஆட்டோவில் கொண்டுபோனேன். கால் கிலோகூடத் தேறவில்லை. கடைக்காரர் மூன்று ரூபாயை நீட்டி, "ஆட்டோ நிக்குதா சார்?" என்று அக்கறையாகக் கேட்டார்.

அந்த அம்மாவின் கணக்கு வேறு. தெருவில் 40 வீடு. எல்லார் வீட்டு அட்டைப்பெட்டியும் பாட்டிலும் கவரும் ஈரமில்லாமல் வந்தால் மூட்டை நிறைகிறது. "போன மாசம் என் பங்குல பாதி சிலிண்டர் வந்துருச்சு" என்றார். என் மூன்று ரூபாயும் அந்தப் பாதியில் இருந்திருக்க வேண்டியது. இப்போது கவர் அவரிடம்தான் போகிறது. ஆட்டோச் செலவும் மிச்சம்.

நாங்கள் இருப்பது மதுரை. பிளாஸ்டிக்கைத் துண்டாக்கிச் சூடான ஜல்லிமேல் உருகவிட்டு, அப்புறம் தாரைக் கலந்து ரோடு போடலாம் என்று காட்டியவர் இந்த ஊர் தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன். 2002-ல் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே போட்டுப் பார்த்தார். 2018-ல் பத்மஸ்ரீ வந்தது. அவர் கையில் ரோடான சரக்கு, என் கையில் தோரணமாகத் தொங்குகிறது.

கொடியைக் கொஞ்சம் தாழ்வாகக் கட்டிவிட்டேன். வீட்டுக்கு வருகிறவர்கள் தயவுசெய்து குனிந்து வரவும்.