சம்பளம் வந்தாச்சு!

ஒன்றாம் தேதி காலை எங்களுக்கு ஆளுக்கொரு டி-ஷர்ட் கொடுத்தார்கள். கண்ணைப் பறிக்கும் மஞ்சள். முதுகில் சிவப்பெழுத்தில் கொட்டை கொட்டையாக: ‘சம்பளம் வந்தாச்சு, சந்தோஷம் வந்தாச்சு!’ ஒன்றிலிருந்து ஏழாம் தேதி வரை நடக்கும் ஆஃபரின் பெயர் அது. மாதச் சம்பளக்காரர்கள் கையில் காசு புரளும் முதல் வாரத்திலேயே அவர்களை மடக்கிவிட வேண்டும் என்பது தலைமை அலுவலகத்தின் யோசனை. அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குள் நின்ற 22 பேரில் ஒருவருக்கும் சம்பளம் வந்திருக்கவில்லை. அதற்கு முந்தின மாதத்துச் சம்பளமே 17ஆம் தேதி வந்தது, அதுவும் பாதி.

சட்டைக்கு 180 ரூபாய் பிடித்தம் என்பது பிறகுதான் தெரிந்தது. கொடுக்காத சம்பளத்தில் பிடித்தம் செய்யத் தெரிந்தவர்கள். கணக்கில் புலிகள்.

சென்னைப் புறநகரில், பல கிளைகள் உள்ள ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பதினொரு வருடமாக இருக்கிறேன். பில்லிங்கில் சேர்ந்தேன், இப்போது ஃப்ளோர் இன்சார்ஜ். கடையின் பெயர் வேண்டாம். பெயர்ப் பலகையில் பாதி எழுத்து எரிவதில்லை, ராத்திரியில் வந்தால் உங்களாலும் படிக்க முடியாது.

ஆடித் தள்ளுபடியில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆடியில் கல்யாணம் கிடையாது, ஜவுளிக்கடையில் ஈ ஓட்டுவார்கள், தேங்கிக் கிடப்பதைத் தள்ளிவிட்டால்தான் தீபாவளிச் சரக்குக்கு இடம். வருடத்தில் ஒரு மாதம், அதற்கு ஒரு காரணம். துவரம்பருப்புக்கு ஏது ஆடி? எங்களிடம் சனி ஞாயிறு வந்தால் ‘வீக்எண்ட் தமாக்கா’. புதன் வந்தால் காய்கறித் திருவிழா. மழை பெய்தால் மழை ஆஃபர். கிரிக்கெட்டில் இந்தியா ஜெயித்தால் வெற்றி ஆஃபர், தோற்றால் ஆறுதல் ஆஃபர். போன வருடத்தில் ஆஃபரே இல்லாத நாள் ஏதாவது உண்டா என்று எண்ணிப் பார்த்தேன். ஒன்று இருந்தது. அன்றைக்கு சர்வர் படுத்துவிட்டது.

ஒவ்வொரு ஆஃபருக்கும் முந்தின ராத்திரி, பத்தரைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு விலைச் சீட்டு மாற்றுவோம். ஆயிரத்துச் சொச்சம் சீட்டு. பழையதைப் பிடுங்கி, புதியதைச் செருகி, கீழ்த்தட்டுக்குக் குந்தி, மேல்தட்டுக்கு எக்கி, முடியும்போது மணி ஒன்றரை இரண்டாகும். ஓவர்டைம் கிடையாது. மூன்று பரோட்டாவும் ஒரு பொட்டலம் சால்னாவும் உண்டு. காலை ஏழரைக்கு மறுபடி ஆஜர். ரேக்கில் 92 என்றிருப்பது பில்லில் 110 என்று வரும். தலைமை அலுவலகத்தில் யாரோ கணினியில் புது விலையைப் பதிய மறந்திருப்பார். மறந்தவர் தூங்கிக்கொண்டிருப்பார், வாங்கிக் கட்டிக்கொள்வது கவுண்டரில் நிற்கிற பெண். “போர்டுல ஒண்ணு, பில்லுல ஒண்ணு. பட்டப்பகல்ல கொள்ளையடிக்கிறீங்களா?” கேள்வி நூற்றுக்கு நூறு நியாயம். கேட்கப்படும் ஆள்தான் மாறிப்போகிறது.

இந்தச் சம்பளச் சந்தோஷத்தின் கதாநாயகன் சர்க்கரை. 1,499 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் ஒரு கிலோ சர்க்கரை 9 ரூபாய். மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு பெரியவர் ட்ராலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். வெள்ளை வேட்டி, கையில் நோட்டீஸ், நோட்டீஸின் பின்பக்கத்தில் பென்சிலால் போட்ட கூட்டல் கணக்கு. பில் 1,483.

“எவ்வளவும்மா குறையுது?”

“பதினாறு ரூபா, தாத்தா.”

வரிசையை விட்டு விலகி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு திரும்ப உள்ளே போனார். பின்னால் நின்ற நாலு பேரும் ‘உச்’ கொட்டினார்கள். இரண்டு பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து, “எனக்கு சுகரு, பேரனுக்குத்தான்” என்று, யாரும் கேட்காமலேயே விளக்கம் சொன்னார். 1,503. கணினி உடனே சர்க்கரையைச் சேர்த்துக்கொண்டது. கணினிக்குள் சர்க்கரைக்குப் பஞ்சமே இல்லை. கடைக்குள்தான் சர்க்கரை இல்லை. முதல் நாள் மத்தியானமே தீர்ந்துவிட்டது. எங்கள் கிளைக்கு வந்தது 40 கிலோ, அக்கம்பக்கத்துத் தெருக்களில் வீசியது இருபதாயிரம் நோட்டீஸ். நோட்டீஸின் அடியில் ‘ஸ்டாக் உள்ளவரை’ என்று எறும்பு சைஸில் அச்சடித்திருக்கிறார்கள். சர்க்கரை விஷயமாயிற்றே, எறும்பு படித்தால் போதுமென்று நினைத்திருப்பார்கள்.

பெரியவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்கு வசதி, திருப்பிக் கோபப்பட்டுக்கொள்ளலாம். நோட்டீஸை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “அப்ப அந்த பிஸ்கட்ட எடுத்துரும்மா” என்றார். பில்லில் ஏறியதை எடுக்க என் கார்டைத் தேய்க்க வேண்டும். இப்படி எத்தனை கேன்சல் என்று வாரா வாரம் கணக்குப் போகும், அதிகமானால் மெமோ வரும். பேரனின் பிஸ்கட் பறிபோனதும் அல்லாமல், அந்த 20 ரூபாய்க்காக நான் ‘காரணம் கூறுக’ என்ற தாளுக்குப் பதிலும் எழுத வேண்டும். காரணம்: சர்க்கரை இல்லை. இதை எழுதினால் ‘பொறுப்பற்ற பதில்’ என்று அடுத்த மெமோ வரும். எழுதிப் பார்த்தாகிவிட்டது.

ஏன் சர்க்கரை இல்லை? கடனுக்குக் கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துபோன டிஸ்ட்ரிபியூட்டர்கள், காசு கைக்கு வந்தால்தான் சரக்கு இறங்கும் என்று சொல்லி ஆறு மாதம் ஆகிறது. பின்கேட்டில் லோடு வண்டி வந்து நிற்கும். டிரைவர் போனை வைத்துக்கொண்டு வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். பணம் ஏறிய மெசேஜ் வந்தால் இறக்குவார், வராவிட்டால் வந்த வழியே போய்விடுவார். போகிற வண்டிக்கு நாங்களே கேட்டைத் திறந்துவிட்டிருக்கிறோம். சரக்கு வாங்கக் காசில்லை. நோட்டீஸ் அடிக்க, வாசலில் பலூன் கட்ட, எஃப்எம்மில் மணிக்கு நாலு தடவை கத்த மட்டும் எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

காலி ரேக்கை மறைக்க ஒரு வித்தை சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பற்பசை இருக்க வேண்டிய தட்டு முழுக்கப் பினாயில். விளிம்பில் ஒரே ஒரு வரிசை, பின்னால் வெறும் காற்று. இதற்கு ‘ஃபேஸிங்’ என்று பெயர். பெண் பார்க்க வருகிறவர்களுக்காகப் பக்கத்து வீட்டு நாற்காலியை வாங்கிப் போடுகிற வேலை, அதற்கு ஒரு இங்கிலீஷ் பெயர், அதற்கென்று ஒரு அதிகாரி. அவர் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வார். அனுப்பினால் கட்டைவிரல் பொம்மை போடுவார்.

நான் பி.காம். முடிக்கவில்லை, இரண்டு அரியர். ஆனாலும் இந்தக் கணக்கு எனக்கு வரும். 85 ரூபாய்க்கு வாங்கியதை 100 ரூபாய்க்கு விற்றால் 15 மிச்சம். பத்து ரூபாய் தள்ளுபடி கொடுத்தால் மிச்சம் 5. பழைய மிச்சத்தைத் தொடவே மூன்று மடங்கு விற்க வேண்டும். அப்படியே மூன்று மடங்கு விற்றுவிட்டோம் என்றே வையுங்கள். மூன்று மடங்கு பெட்டியை யார் இறக்குவது, யார் அடுக்குவது, யார் பில் போடுவது? போன வருடம் 31 பேர் இருந்தோம். 22 ஆனது சிக்கனமாம்.

அதைவிடக் கூத்து, மூன்று மடங்கு வாங்கிப் போன அம்மா எங்கே போனார் என்பது. ஆஃபரில் கிடைத்தது என்பதற்காக யாரும் தினம் இரண்டு தடவை துணி துவைப்பதில்லை. ஆறு மாதத்துக்கு வேண்டிய சோப்புத்தூளைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, ஆறு மாதத்துக்கு அந்த வரிசைப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டார். அவர் புத்திசாலி. வரப்போகிற மாதங்களின் வியாபாரத்தை இந்த மாதமே அடகு வைத்துத் தின்றுவிட்டு, எட்டாம் தேதி கடை வெறிச்சோடியதும் ‘சேல்ஸ் ஏன் விழுந்தது?’ என்று எங்களைக் கேட்கிறார்களே, அவர்களை என்னவென்று சொல்வது? விழுந்ததைத் தூக்க இன்னொரு ஆஃபர் வரும். அடகுக் கடையில் வட்டி கட்டுவதற்காக இன்னொரு நகையை வைப்பார்கள் அல்லவா, அந்தக் கதை.

இதில் எங்கள் நிர்வாகம் முன்னோடி என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் ஏ அண்ட் பி என்று ஒரு மளிகைக் கம்பெனி, 1859இல் தொடங்கியது. 1930 வாக்கில் அதற்கு 15,000க்கும் மேல் கடைகள். ஆட்டம் கண்ட பிறகு, 1972இல் விலைகளைத் தாறுமாறாக வெட்டியது. கூட்டம் வந்தது, விற்பனை ஏறியது, கூடவே நஷ்டமும் ஏறியது. இழுத்துக்கோ பறித்துக்கோ என்று கிடந்து 2015இல் கதை முடிந்தது. இங்கே பிக் பஜார் 2006 ஜனவரி 26ஐ ‘மிக மலிவான நாள்’ என்று அறிவித்தது. வந்த கூட்டத்தைப் போலீசே சமாளிக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு நாள் பிற்பாடு மூன்று நாளானது, ஐந்து நாளானது. 2022இல் வாடகை பாக்கியில் கடைகள் கைமாறின, கம்பெனி திவால் வழக்குக்குப் போனது. ஆஃபரால்தான் செத்தது என்று சொன்னால் பாவம் வரும். கடன் இருந்தது, கொரோனா இருந்தது. ஆனால் மலிவு நாள் எதுவும் அதைக் காப்பாற்றவில்லை.

நம்மூர் சுபிக்‌ஷா வேறு ஜாதி. அங்கே தினமுமே மலிவு. 1997இல் சென்னையில் தொடங்கி, 2008க்குள் நாடு முழுக்க சுமார் 1,600 கடை. ஓடுவதற்குக் கையில் பணமில்லாமல் 2009இல் எல்லாவற்றுக்கும் பூட்டு. ஊழியர்களுக்குச் சம்பளம் இல்லை. காவலுக்கும் பணம் கட்டாததால் காவலாளிகள் விலகிக்கொள்ள, பூட்டிய கடைகள் பலவற்றை உடைத்துச் சரக்கை அள்ளிக்கொண்டு போனார்கள். ஒன்றுமே வாங்காமல் எல்லாமே இலவசம்! அந்த ஆஃபரை மிஞ்ச இன்னும் யாராலும் முடியவில்லை. எங்கள் நிர்வாகம் முயற்சியைக் கைவிட்டதாகவும் தெரியவில்லை.

தினமும் காலை ஒன்பதுக்கு ஏரியா மேனேஜர் வீடியோ காலில் வருவார். அவருக்குப் பிடித்த வார்த்தை ‘ஓனர்ஷிப்’. “இது உங்க கடை. ஓனர்ஷிப் எடுங்க!” ஓனர்ஷிப் என்றால் லாபத்தில் பங்கோ என்று புதுப் பையன்கள் கொஞ்ச நாள் நம்புவார்கள். ஷார்ட்டேஜில் பங்கு. ஆஃபர் நெரிசலில் சாக்லேட்டும் சென்ட் பாட்டிலும் யார் பையிலோ நடந்து போய்விடும். மாதக் கடைசியில் எண்ணும்போது குறைகிறதைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்து எங்கள் கணக்கில் எழுதுவார்கள். அந்த மட்டில் நாங்கள் முதலாளிகள்தான்.

நாற்காலிச் சமாச்சாரத்தையும் சொல்லிவிடுகிறேன். கடைகளில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டசபையில் சட்டத் திருத்தம் கொண்டுவந்தார்கள். கேரளாக்காரர்கள் 2018லேயே செய்துவிட்டார்கள். நாள் முழுக்க நின்று நின்று காலில் நரம்பு சுருண்டு நீலம் பாய்ந்த பெண்களை எனக்கே ஏழெட்டுப் பேரைத் தெரியும். அதனால் அந்தச் செய்தியை அன்றைக்கு நாங்கள் போனில் பத்து தடவை ஃபார்வர்ட் செய்தோம். எங்கள் கடைக்கும் வந்தது: மூன்று ஸ்டூல், சிவப்பு பிளாஸ்டிக். இன்ஸ்பெக்‌ஷன் வருமென்ற பயம் தெளிகிற வரை பில்லிங் பக்கம் கிடந்தன. இப்போது நுழைவாசலில் இருக்கின்றன. 2,999 ரூபாய்க்கு வாங்கினால் ஒரு பக்கெட் இலவசம், அந்தப் பக்கெட்டுகளைக் கண்ணில் படுகிற உயரத்தில் அடுக்க மேடை வேண்டியிருந்தது. பக்கெட் உட்கார்ந்திருக்கிறது. கவுண்டர் பெண்கள் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நிற்கிறார்கள். சட்டம் பக்கெட்டுக்காவது பயன்பட்டதே.

ஏழாம் தேதி ராத்திரி ஆஃபர் முடிந்தது. எட்டாம் தேதி காலை வீடியோ காலில் ஏரியா மேனேஜர் கைதட்டினார். டார்கெட்டில் 61 சதவீதம்தான் தொட்டிருக்கிறோம், ஆகவே ‘மக்களின் பேராதரவை முன்னிட்டு’ ஆஃபர் 15ஆம் தேதி வரை நீட்டிப்பு. டி-ஷர்ட்டைக் கழற்றக் கூடாது. “சார், சம்பளம்?” என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். “நெட்வொர்க் கட் ஆகுது” என்றார் அவர். படம் தெளிவாகத்தான் தெரிந்தது.

அன்றைக்கு ராத்திரி நானும் தர்மபுரிப் பையனும் கடையைப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போனோம். அவனுக்கு வயது பத்தொன்பது, ஊரில் அம்மா மட்டும். வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்த டீக்கடையில்தான் அவனுக்குக் காலை டிபனும் ராத்திரி டீயும், எல்லாம் நோட்டில் எழுதி. அவன் முதுகைக் காட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். டீக்கடை அண்ணன் கிளாஸை நீட்ட வந்தவர், நின்று, எழுத்துக் கூட்டி முதுகைப் படித்தார்.

“அட, சம்பளம் வந்தாச்சா தம்பி? சொல்லவேயில்ல! அப்ப பழைய பாக்கி ஆயிரத்து எழுநூறையும் இன்னிக்கே முடிச்சிரு.”

பையன் என்னைப் பார்த்தான். நான் டீயைப் பார்த்தேன். “வரலண்ணே” என்றான்.

“வராமயா முதுகுல எழுதிக்கிட்டு ஊரெல்லாம் சுத்துற?”

பையன் எழுந்து, விளக்குக்கு அந்தப் பக்கம் இருட்டாக இருந்த இடத்துக்குப் போய், சட்டையைக் கழற்றி, உள்பக்கத்தை வெளியே திருப்பி மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். மட்டமான துணி. சிவப்பெழுத்து உள்ளேயிருந்தும் தெரிந்தது, கண்ணாடியில் பார்த்தமாதிரி, இடம் வலமாக.