நூலா, கம்பியா?

கேள்வி: என் தகப்பனாருக்கு இடுப்பெலும்பில் ஆபரேஷன் செய்துவிட்டு, காகிதக் கட்டுக்கு அடிப்பதுபோல் தோலுக்கு ஸ்டேப்ளர் கம்பி அடித்து அனுப்பியிருக்கிறார்களே, ஊசியும் நூலும் அகப்படவில்லையா?

பதில்: ஊசிக்கும் நூலுக்கும் பஞ்சமில்லை, பஞ்சமெல்லாம் நேரத்துக்குத்தான். ஒரு சாண் நீளக் காயத்தைப் பொறுமையாகத் தைத்து முடிக்கப் பல நிமிஷங்கள் பிடிக்க, விளிம்புகள் இரண்டையும் இடுக்கியால் சற்றே வெளிப்புறம் மலர்த்திப் பிடித்து ‘டக், டக்’ என்று கம்பி அடித்துக்கொண்டு போகிறவருக்கு அதே காரியம் சொற்ப நேரத்தில் பூர்த்தியாகிவிடுகிறது. மயக்கத்தில் கிடக்கும் வயோதிகருக்கு அந்த லாபம் அற்பமன்று. ஆனால் அவசரத்துக்கு வட்டி உண்டு. எலும்பு ரணசிகிச்சையில், கம்பியிட்ட காயத்தில் சீழ்ப்பிடிக்கும் அபாயம் நூலிட்டதைவிட மும்மடங்குக்கும் மேல் என்றும், இடுப்பில் அது இன்னும் அதிகம் என்றும், 2010-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆராய்ச்சித் தொகுப்பு கூறிற்று. அதில் சேர்த்தெடுத்த ஆய்வுகள் ஆறே. அவற்றிலும் பலவற்றின் தரம் சுமார் என்பதால், அதைக் கையில் பிடித்துக்கொண்டு சர்ஜனிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள். மண்டைத் தோல் கிழிந்தவனுக்கோ கம்பியே உத்தமம். தழும்பைத் தலைமயிர் மறைத்துக்கொள்ளும், வழுக்கையர் க்ஷமிக்க.

கம்பியை அநேகமாக 10 முதல் 14 நாளில் எடுப்பார்கள். அதற்கென்றே உள்ள இடுக்கி அதன் நடுமுதுகை அழுத்த, இரு கால்களும் தாமே நிமிர்ந்து வெளிவரும்; சுருக்கென்று இருக்கும், அவ்வளவே. அவ்விடுக்கி தங்கள் ஊர் டாக்டரிடம் உண்டா என்று முன்னதாகவே விசாரித்து வையுங்கள். இல்லாவிட்டால் அண்டை வீட்டு எலெக்ட்ரீஷியன் பிளையரோடு பரோபகாரத்துக்குப் புறப்பட்டுவிடப் போகிறார்.