படிச்சு முடிச்சிராதீங்க, சாமி

வா கண்ணு. உன் சிநேகிதக்காரங்களையும் திண்ணையில உக்காரச் சொல்லு. படகுத்துறைப் பக்கம் சுத்திட்டு வந்த களைப்பு எல்லாரு மூஞ்சியிலயும் தெரியுது. சுக்குக்காப்பி வருது. நம்ம கொடி மிளகுதான் தட்டிப் போட்டிருக்கு, மெதுவாக் குடிங்க.

என்னமோ ‘மிடில்மார்ச்’னு ஒரு சீமை நாவல எல்லாருமாக் கூடிப் படிக்கப் போறீங்களாமே. நல்ல காரியம். 86 அத்தியாயம், முன்னாடி ஒரு வாசப்படி, பின்னாடி ஒரு முடிவுரை. நம்ம மலையோட எழுவது கொண்டை ஊசி வளைவுல பஸ் ஏறிவர்றதுக்குள்ளயே உங்கள்ல ஒருத்தன் ரெண்டு தரம் வாந்தி எடுத்தான்னு கேள்விப்பட்டேன். பரவால்ல, பழகிரும்.

நான் என்னத்தக் கண்டேன், நாமக்கல்லுல ஒரு காலேஜு லைப்ரரியில தூசி தட்டுனவன். ஆனா தூசி தட்டறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. எந்தப் பொஸ்தகத்த யாரு எந்தப் பக்கம் வரைக்கும் படிச்சாங்கன்னு அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். மூணு பாகமா இருக்கற நாவலுன்னா, முதப் பாகம் நாய் கொதறின செருப்பாட்டம் கெடக்கும். ரெண்டாம் பாகத்துல பாதிக்கு மேல பஸ் டிக்கெட்டு ஒன்னு அடையாளம் வெச்சபடியே காஞ்சு கெடக்கும். மூணாம் பாகத்துல காகிதம் ஒன்னோட ஒன்னு ஒட்டியிருக்கும், நாந்தான் பிரிச்சு விடுவேன். ஆனா மேடையில பேசறப்ப பாருங்க, அந்த மூணாம் பாகத்தப் பத்தித்தான் வாத்தியாருங்க கண்ணுல தண்ணி விடுவாங்க.

உங்க பட்டியலப் பாத்தேன். ரெண்டு வாரத்துல முடிக்கணும், நாளைக்கு அம்பது பக்கம், முடிக்காதவங்க வர வேண்டாம். அடேயப்பா. சாமை அறுப்புக்குக்கூட எங்க காலத்துல இப்படி ஆள் வெரட்டினதில்ல.

அந்தக் கதைய எழுதின அம்மாவே அத்தன அவசரம் காட்டல கண்ணு. பேரு மேரி ஆன் எவன்ஸ். அட்டையில ஜார்ஜ் எலியட்டுன்னு ஆம்பளப் பேரு போட்டுக்கிட்டாங்க. கதை பெருசாப் போச்சு, அப்போதைய வழக்கப்படி மூணு பாகத்துக்குள்ள அடங்கல. கூட இருந்த லூயிஸுங்கறவர்தான் யோசனை சொன்னாரு, எட்டுத் துண்டாப் போடலாம்னு. 1871 டிசம்பருல முதத் துண்டு. அதுக்கப்புறம் ரெண்டு மாசத்துக்கு ஒன்னு. கடைசி ரெண்டு மட்டும் மாசத்துக்கு ஒன்னா வந்து 1872 டிசம்பருல முடிஞ்சுது. துண்டு ஒன்னு அஞ்சு ஷில்லிங். சீமைக்காரனே ஒரு வருஷம் உக்காந்து படிச்சத நீங்க ரெண்டு வாரத்துல முழுங்கிட்டு என்ன பண்ணப் போறீங்க? செம்மேட்டுல போய் தேர் இழுக்கப் போறீங்களா?

மூணு பாகம்ங்கற பழக்கம் ஏன் நெலைச்சு நின்னுச்சு தெரியுமா? இது லைப்ரரிக்காரன் சங்கதி, இதுல நான் கொஞ்சம் விவரம். மூடின்னு லண்டன்ல ஒரு ஆளு, 1842-ல வாடகை லைப்ரரி ஆரம்பிச்சான். வருஷச் சந்தா ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். ஒரு நேரத்துக்கு ஒரு பாகம் எடுத்துக்கலாம். கடையில மூணு பாக நாவலோட வெலை முப்பத்தொன்னரை ஷில்லிங். ஒரு நாவல் வாங்கற காசுக்கு ஒன்றரை வருஷம் சந்தா கட்டலாம், எவன் வாங்குவான்? மூணு பாகமா இருந்தா ஒரே நாவல ஒரே நேரத்துல மூணு வீட்டுக்குக் குடுக்கலாம். அதுனால எழுதறவங்களும் கதைய இழுத்தாங்க. மழை பேஞ்சா நாலு பக்கம், பாதிரியாரு டீ குடிச்சா ஆறு பக்கம். இலக்கியம்னு நீங்க சொல்ற பாதிக்குப் பின்னாடி ஒரு லைப்ரரிக்காரனோட கல்லாப்பெட்டி இருக்கு. மனசு நோகாதீங்க.

கூடிப் படிக்கறதுன்னா என்னன்னு டிக்கன்ஸ் காலத்துல ஒரு வீட்டுல நடந்தத அவரோட சிநேகிதரு ஃபார்ஸ்டர் எழுதி வெச்சிருக்காரு. மூக்குப்பொடிக் கடை ஒன்னு, மாடியில குடக்கூலிக்காரங்க. மாசாமாசம் முதத் திங்கக்கிழமை எல்லாரும் கூடுவாங்க. கடைக்காரன் அந்த மாசத்து ‘டோம்பி அன் சன்’ துண்ட ஒரக்கப் படிப்பான். டீ வேணும்னா காசு குடுக்கணும், கதை சும்மா. வீடு கழுவற ஒரு பொம்பள, எழுத்துன்னா என்னன்னு தெரியாது, ஒரு மாசங்கூட விடாம வந்து கேட்டுட்டுப் போவா. உங்க கூட்டத்துல டீயும் சும்மா, பஜ்ஜியும் சும்மா. அதனாலதான் மொதக் கூட்டத்துக்கு ஆளு நெறைய வரும், நாலாவது கூட்டத்துல கூட்டினவரும் பஜ்ஜியும் மட்டும் மிஞ்சும்.

நம்ம பக்கத்துல இது புதுசுன்னு நெனைச்சுக்காதீங்க. மழை தப்பிப் போச்சுன்னா கீழ ஊருகள்ல கோயிலுல பாரதம் படிக்க ஆளக் கூப்பிடுவாங்க. விராட பருவம் வாசிச்சா மழை வரும்னு நம்பிக்கை. அப்புறம் ராத்திரி பூரா கூத்து. கேக்கற அத்தன பேருக்கும் கதை மொத்தமாத் தெரியும், துரியோதனன் சாவான்னும் தெரியும், ஆனாலும் முடிவ முன்னாடி சொல்லிட்டான்னு ஒருத்தனும் சண்டைக்கு வந்ததில்ல.

இன்னொன்னு சொல்றேன், இது நம்ம சேலத்துக்காரர் சங்கதி. 1880-ல சேலம் இராமசாமி முதலியாருன்னு ஒரு முன்சீப்பு கும்பகோணத்துக்கு மாத்தலாகி வந்தாரு. அங்க காலேஜுல தமிழ் வாத்தியாரு உ.வே. சாமிநாதையர். ஐயரு போய் முன்சீப்பப் பாத்தாரு. என்ன படிச்சிருக்கீங்கன்னு முன்சீப்பு கேட்டாரு. ஐயரு அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம், கோவைன்னு அடுக்கினாரு. இவரு மூஞ்சி அசையல. சரி, சீவக சிந்தாமணி படிச்சதுண்டான்னு ஒரே கேள்வி. ஐயரு திகைச்சுப் போயிட்டாரு. அப்புறம் முன்சீப்பு, ஏட்டுப் பிரதியப் பாத்து எழுதின கைப்பிரதி ஒன்னக் குடுத்து, ரெண்டு பேருமா உக்காந்து படிக்க ஆரம்பிச்சாங்க. மூவாயிரத்துக்கு மேல பாட்டு. சமணம் சம்பந்தமா சந்தேகம் வந்தா, ஊருலயே இருந்த சமண வீடுகளுக்குப் போய் ஐயரு கேட்டாரு. அங்க பாத்தா, அவங்க ஏற்கெனவே மாசக்கணக்கா அதையே கூடி உக்காந்து படிச்சுக்கிட்டிருக்காங்க! புத்தகம் அச்சானது 1887-ல. ஏழு வருஷம் சாமி. உங்க ரெண்டு வாரத்த அங்க கொண்டு போய்ச் சொல்லுங்க, என்ன சொல்றாங்கன்னு பாப்போம். அதே 1880 டிசம்பர்லதான் அந்த எலியட்டு அம்மாவும் கண்ண மூடினாங்க. ஐயரு பின்னாடி 1894-ல புறநானூறையும் அச்சுப் போட்டாரு. அதுல நம்ம மலைய ஆண்ட வல்வில் ஓரி வர்றான். அந்தச் சேலத்துக்காரரு கேட்ட ஒரு கேள்வியில ஆரம்பிச்சது, எங்க வந்து நிக்குது பாருங்க. ஆடிப் பதினெட்டுக்கு ஓரிக்கு விழா எடுக்கற நம்மாளுக, அந்த முன்சீப்புக்கும் ஒரு மாலை போட்டா தப்பில்ல.

டி.கே. சிதம்பரநாத முதலியாரு திருநெல்வேலி வீட்டு முத்தத்துல வட்டமா உக்காந்து கம்பனப் படிச்சாங்க, வட்டத்தொட்டின்னே பேரு. ஒரு பாட்டுக்கு ஒரு சாயங்காலம் ஓடிருமாம். நம்ம காலத்துலயே ஜெயமோகன் 2014 ஜனவரி ஒன்னாந் தேதி வெண்முரசு ஆரம்பிச்சு, தினம் ஒரு அத்தியாயமா 2020 வரைக்கும் 26 நாவலு எழுதினாரு. ஊரூராக் கூடி உக்காந்து பேசினவங்க இருக்காங்க. அதுக்கு முன்னாடி உங்க சீமை நாவலு ஒரு துணுக்கு.

சரி, யோசனைக்கு வர்றேன். கேட்டுக்கங்க, காசு வேண்டாம்.

ஏற்கெனவே முழுசாப் படிச்ச ஆளு கூட்டத்துல இருந்தா, அவரத் தலைவராக்கிராதீங்க. அவருக்கு எல்லா எடத்துலயும் ஒரு நமட்டுச் சிரிப்பு வரும். “அடுத்த அத்தியாயத்துல பாருங்க” அப்படிம்பாரு. கூட்டம் நடக்கற நேரமா அவர மிளகுக் கொடிக்குத் தண்ணி விட அனுப்பிருங்க.

1994-ல பிபிசிக்காரன் எடுத்த நாடகத்தப் பாத்துட்டு, படிச்சேன்னு சொல்ற ஆளு ஒருத்தர் வருவாரு. அவர வெரட்டாதீங்க, பாவம். யாரு என்ன சட்ட போட்டிருந்தாங்கன்னு கேளுங்க, அது அவருக்குத்தான் தெரியும்.

கலர் கலரா அடிக்கோடு போட்டு, நோட்டு எழுதி, வம்சாவளி வரைஞ்சு எடுத்துட்டு வர்ற ஆளு இருக்காரே, அவருதான் கஷ்டம். ஆனா இந்தக் கதையிலயே அவரு இருக்காரு. காசாபன்னு ஒரு பாதிரியாரு, நாப்பத்தஞ்சு தாண்டினவர். உலகத்துப் புராணம் எல்லாத்துக்கும் ஒரே சாவி கண்டுபிடிக்கறேன்னு குறிப்பு எடுத்துக்கிட்டே இருக்காரு, எடுத்துக்கிட்டே இருக்காரு, பொஸ்தகம் மட்டும் வரல. இவரு தேடறத எல்லாம் ஜெர்மனிக்காரன் எப்பவோ தாண்டிப் போயிட்டான், இவருக்கு ஜெர்மன் தெரியாது. அவரப் போய், ஞானி, மகான்னு நெனைச்சுக் கட்டிக்கிறா டொரத்தியான்னு ஒரு சின்னப் பொண்ணு. தங்கச்சிக்காரி அப்பவே சொன்னா, அந்த மனுசன் சூப்புக் குடிக்கறப்ப சத்தம் வருதுன்னு. கேட்டாளா? படிச்ச பொண்ணுங்க கேக்க மாட்டாங்க. உன்னச் சொல்லல கண்ணு, காப்பியக் குடி.

ரொம்பப் படிக்காதவன் கூட்டத்துல கட்டாயம் ஒருத்தன் வேணும். மூணு அத்தியாயந்தான் படிச்சேன்னு ஒத்துக்கறவன். “அந்தப் பொண்ணு ஏன் அவனக் கட்டுனா?”னு கேக்க அவனுக்குத்தான் தைரியம் இருக்கும். மத்தவங்க எல்லாரும் ‘கதாபாத்திர வார்ப்பு’ன்னு ஆரம்பிச்சு, நான்-டீடெய்லுக்குக் கோனார் உரை படிச்ச பழக்கத்துல பத்து மார்க்குப் பதிலு சொல்லிட்டு உக்காந்துருவாங்க.

இன்னொரு யோசனை. அத இலக்கியம்னு படிக்காம ஊரு வம்புன்னு படிங்க. ஃபெதர்ஸ்டோன்னு ஒரு கெழவன் சாகக் கெடக்கான். ஊரறியப் புள்ளகுட்டி கெடையாது, காசு கொள்ளை. உறவுமொறை பூரா வந்து அடுப்படியில உக்காந்துக்கிட்டு, அவன் வீட்டுப் பன்னிக்கறியவே தின்னுக்கிட்டு, எப்பச் சாவான்னு காத்திருக்கு. கெழவனும் லேசுப்பட்ட ஆளில்ல, ரெண்டு உயிலு எழுதி வெச்சிருக்கான். நடுராத்திரி, பக்கத்துல இருக்கற ஏழைப் பொண்ணக் கூப்பிட்டு, ஒன்ன எடுத்து எரிச்சுருன்னு கெஞ்சறான், பணம் தர்றேங்கறான். அவ என்ன பண்ணினான்னு நான் சொல்ல மாட்டேன். சோளக்காட்டுச் சந்தையில ஒரு வாரம் நின்னு காது குடுத்தா, இந்த மாதிரி நாலு உயிலு நீங்களே கேக்கலாம்.

ரயிலு வருதுன்னு நெலத்த அளக்க வர்றாங்க அந்த ஊருக்கு. கூலிக்காரங்க வைக்கோல் வாருற கவையத் தூக்கிக்கிட்டு வெரட்டறாங்க. உங்க மாதிரி டவுனுப் புள்ளைங்க அதப் படிச்சுட்டு ‘அறியாமை’ன்னு எழுதிருவீங்க. சங்கிலிய இழுத்துக்கிட்டு அளக்க வர்றவனப் பாத்துச் சந்தேகப்படாத மலைக்காரன் ஒருத்தன எனக்குக் காட்டுங்க பாப்போம். அந்த அத்தியாயத்த இங்க திண்ணையில ஒரக்கப் படிங்க, பக்கத்து வீட்டுக்காரன் எந்திரிச்சு வந்து சண்டைக்கு நிப்பான். அந்தச் சண்டை நடந்தாத்தான் அது பொஸ்தகக் கூட்டம்.

‘வேனிட்டி ஃபேர்’ படிக்கலாமான்னு உங்கள்ல யாரோ கேட்டதா காதுல விழுந்துச்சு. எழுதின தாக்கரே 1811-ல கல்கத்தாவுல பொறந்தவன். கதையில ஜாஸ்னு ஒரு தடியன், நம்ம நாட்டுல கலெக்டரா இருந்து கொழுத்துட்டுப் போனவன். அவன மயக்கப் பாக்கற பெக்கி, இந்தியச் சாப்பாடு எனக்கு உசுருன்னு சொல்லி, பச்ச மொளகா குளுகுளுன்னு இருக்கும்னு நம்பி ஒன்னக் கடிச்சு வெச்சா. நான் மெதுவாத்தான் எழுத்துக்கூட்டிப் படிச்சேன், ஆனா அந்த எடத்துல லைப்ரரியில சத்தம் போட்டுச் சிரிச்சு, அமைதி காக்கச் சொல்ற பலகைக்குக் கீழயே திட்டு வாங்கினேன். அத அடுத்த வருஷம் வெச்சுக்கலாம்.

ஆமா, எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். அதுல ஒரு நன்மை, எதையும் தாண்டிப் போக முடியாது.

கல்கியில பொன்னியின் செல்வன் 1950-ல ஆரம்பிச்சு 1954 வரைக்கும் வாராவாரம் வந்துச்சு. வீட்டுல ஒருத்தரு படிக்க, மத்தவங்க உக்காந்து கேப்பாங்க. அப்புறம் அந்தப் பக்கத்த மட்டும் கிழிச்சு, மணியம் படத்தோட, சோப்பு வெளம்பரத்தோட சேத்து, ஊசி நூலு போட்டுத் தச்சு பைண்டு பண்ணி வெச்சாங்க. எங்க லைப்ரரிக்கு அந்த மாதிரித் தச்ச கட்டு எத்தனையோ வந்து சேந்துச்சு. பிரிஞ்சு வந்ததத் திருப்பித் தச்சதெல்லாம் இந்தக் கைதான். தைக்கத் தெரிஞ்ச கைக்குப் பிரிக்கவும் தெரியும்.

அதான் உங்கிட்ட ஒன்னு சொல்லணும் கண்ணு, கோவிச்சுக்காத. நீ காலையில படகுத்துறைக்குப் போனப்ப, உன் பையில இருந்த அந்தத் தடி மிடில்மார்ச்ச எடுத்து, முதுக அறுத்து எட்டாப் பிரிச்சுத் தச்சு வெச்சிருக்கேன். இந்தா, முதத் துண்டு, மிஸ் புரூக். ஒரு பிரதிதான் இருக்கு, ஒருத்தர் ஒரக்கப் படிங்க. மிச்சம் ஏழும் மிளகு மூட்டைக்கு அடியில இருக்கு. ரெண்டு மாசம் கழிச்சு, மிளகு காஞ்சதும் வாங்க, ரெண்டாவதத் தர்றேன். போனுல எறக்கிப் படிச்சுக்கலாம்னு நீங்க ஒருத்தர ஒருத்தர் பாக்கறது தெரியுது. இந்த ஊருல டவரு கெடைக்கற பாறை ஒன்னே ஒன்னுதான், நான் மாடு கட்டறது அங்கதான்.